பழக்கியவன்

நாய் சோற்றைத் தொடவில்லை.

பிரகதாம்பாள் கொல்லைப் படியில் அலுமினியத் தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மோர் விட்டுப் பிசைந்த சோறு. மழை சற்று முன்புதான் விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், மாட்டுக்கொட்டகையிலிருந்து வரும் ஊறிய வைக்கோல் வாடையும், எங்கோ வயலில் ஓயாமல் கத்தும் தவளைகளுமாகச் சாயங்காலம் கனத்துக் கிடந்தது. தட்டுக்குச் சற்று எட்ட, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு சீசர் உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து பட்டினி. வெள்ளை முகவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மண்ணைத் தொட்டது.

"சாப்புடுடா" என்றாள்.

நாய் அவளை ஒருமுறை பார்த்தது. பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்தது. கொஞ்ச நேரம் போயிற்று. திடீரென்று அதன் காது மடல்கள் இரண்டும் அந்தப் பக்கமாகத் திரும்பின. வாலை ஒரு தரம் தரையில் தேய்த்து ஆட்டிவிட்டு, எழுந்து வந்து தட்டில் வாய் வைத்தது.

அவள் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். பசு அசை போட்டுக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

உத்தரவு வந்த பிறகே சாப்பிட வேண்டும் என்று அந்த நாயைப் பழக்கியவன் சாமிதுரை. அவன் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆட்சி மாறிய வருஷம் அவள் கணவர் நாகநாதன் அந்த நாயைக் குட்டியாக வாங்கி வந்தார். குத்தாலத்துக்குத் தெற்கே அப்போது சேரிக்குச் சேரி செங்கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. சிலர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார்கள், சிலர் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். நாகநாதன் ராஜபாளையத்துக் குட்டி ஒன்றை வாங்கி, சீசர் என்று பேர் வைத்தார். ஆனால் பழக்குவதற்கு அவரிடம் பொறுமை கிடையாது. சொன்னதைக் கேட்கவில்லை என்றால் காலால் எத்துவார். குட்டி அவரைக் கண்டாலே பத்தாயத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஒன்றுக்கு விட்டது. கடைசியில் பண்ணையாள் சாமிதுரையிடம், "ஒன் பொறுப்புடா இது" என்று விட்டுவிட்டார்.

சாமிதுரை அதைத் தம்பி என்று கூப்பிட்டான். அடித்ததே இல்லை. தட்டில் சோற்றை வைத்து, பீடியும் வாயுமாக எதிரில் குந்திக்கொள்வான். குட்டி பாய்ந்தால் உள்ளங்கையால் தட்டை மூடுவான். அது பின்வாங்கி உட்கார்ந்தால் கையை எடுப்பான். மறுபடி பாய்ந்தால் மறுபடி மூடுவான். எத்தனை தரமானாலும் அவன் முகத்தில் சலிப்பு வராது. குட்டி அடங்கி உட்கார்ந்த பிறகு, தொண்டைக்குள் 'ம்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்தச் சத்தம்கூட இல்லாமல் நாய் எழுந்து வந்து சாப்பிட்டதைப் பார்த்து அவள் ஆச்சரியப்பட்டாள்.

"வாயால சொல்றதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் ஆச்சி" என்றான் சாமிதுரை. "அதுக்கு நம்ம மனசு தெரிஞ்சுட்டா அப்புறம் சொல்லவே வேணாம்."

குறுவை அறுப்பின்போது தகராறு முற்றியது. வெளியூர் ஆட்களை வயலில் இறங்க விடமாட்டோம் என்று சேரி முழுவதும் வரப்பில் வந்து நின்றது. முன்னால் கொடியோடு நின்றவன் சாமிதுரை. நாகநாதன் நாயை அழைத்துப் போய், சங்கிலியை அவிழ்த்து, "புடிடா அவன" என்றார். வெள்ளையாக ஒரு கோடு இழுத்ததுபோல நாய் வரப்பில் ஓடியது. சாமிதுரை நகரவில்லை.

"இரு தம்பி" என்றான்.

நாய் அவன் காலடியில் உட்கார்ந்தது.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அறுக்க வந்திருந்த வெளியூர்க்காரர்களும் அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த வாரத்திலேயே சாமிதுரையின் உடல் பெரிய மதகுக்குக் கீழே சேற்றில் குப்புறக் கிடந்தது. தண்ணீர் மடை மாற்றப் போனவன் வழுக்கி விழுந்துவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. பிரகதாம்பாள் கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்கு முதல் நாள் பொழுது சாய அவர் இரண்டு பேரோடு வெளியே போனதும், விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்ததும் அவளுக்குத் தெரியும். அவர் அவிழ்த்துப் போட்ட வேட்டியை அவளே ஊற வைத்து அலசினாள். சேறு போகவில்லை. மறுபடி ஊற வைத்தாள். கொல்லைக் கொடியில் போடாமல் உள் அறையில் காயப் போட்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வேலைக்கு வரவில்லை. சாணி அள்ளுவதிலிருந்து எல்லாம் அவளே செய்தாள். நாகநாதன் நாயைத் தம் வழிக்குக் கொண்டுவர முனைந்தார்.

"என் சோத்தத் தின்னுட்டு எவன் பேச்சக் கேக்குது இது? பாத்துடுறேன்."

சாயங்காலந்தோறும் கொட்டகைப் பக்கத்திலிருந்து மூங்கில் பிரம்பு விலாவில் விழும் சத்தம் கேட்கும். நனைந்த துணியைக் கல்லில் அறைவதுபோல. நாய் கத்தாது. அது கத்தினால் தேவலை என்று அடுப்படியில் நிற்கும் பிரகதாம்பாளுக்குத் தோன்றும். அடித்து ஓய்ந்து அவர் மூச்சு வாங்குவதுதான் கேட்கும்.

பிறகு ஒரு நாள் அவர் குரலில் சந்தோஷம்.

"பிரகதா, இங்க வந்து பாரு."

அவள் ஈரக் கையோடு போய்ப் படியில் நின்றாள். "உக்காரு" என்றார், நாய் உட்கார்ந்திருந்தது. "படு" என்றார், படுத்திருந்தது. "எந்திரி" என்றார், நின்றிருந்தது. நாகநாதன் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரிக்க வாயெடுத்தாள், முடியவில்லை. ஏதோ ஒன்று முன்பின்னாக இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

இந்தத் தரம் கவனித்தாள். நாய் முதலில் உட்கார்ந்தது. அதன்பிறகு அவர் "உக்காரு" என்றார். அது படுத்தது. அதன்பிறகு "படு" என்றார்.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே பண்ணுதுங்களே."

"அதான் பழக்கம்ங்கிறது. என் மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்குது."

நாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பக்கத்தில், ஆள் ஒருவன் நிற்கிற உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. வால் மெல்ல ஆடியது. பிரகதாம்பாள் அந்த இடத்தைப் பார்த்தாள். மழைக்குக் கறுத்த மண் சுவர். இருட்டத் தொடங்கியிருந்தது.

நாகநாதன் வாயைத் திறந்தார். "குந்து தம்பி" என்றார்.

அந்த வீட்டில் யாரும் குந்து என்று சொல்வதில்லை. அவர் அந்த நாயைத் தம்பி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சொன்ன பிறகு அவரே திகைத்துப்போய்த் துண்டால் வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் வாடை வந்தது. முதலில் கொல்லைக் கதவருகே, பிறகு கூடத்தில், பிறகு அவர்கள் படுக்கும் அறையில். வாய்க்கால் தூர் வாரும்போது கரையில் அள்ளிப் போடும் கறுப்புச் சேற்றின் வாடை, அதனடியில் லேசாகப் பீடிப் புகை. அவள் தரையைக் கழுவினாள், சாம்பிராணி போட்டாள். புகை கலைந்ததும் வாடை இருந்தது. பகலில் நாய் கொல்லையில் கிடக்காமல் கூடத்துத் தூண் பக்கமாகத் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கும். யாரோ அதன் கழுத்தைச் சொறிந்துவிடுவதுபோலக் கண் சொருகிக் கிடக்கும்.

ஒரு மத்தியானம் இலை போட்டுச் சோறு பரிமாறினாள். குழம்பை ஊற்றினாள். நாகநாதன் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, சாப்புடுங்க."

அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றிலிருந்து எழும்பிய ஆவி மெலிந்து நின்றுபோயிற்று. கடைவாயில் எச்சில் திரண்டு தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை.

"ஒடம்பு சரியில்லையா? என்னங்க?"

அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மிக லேசாக. பிறகு குனிந்து, பிசையாமல், நிறுத்தாமல், மூச்சு விடாமல் அள்ளி அள்ளித் தின்றார்.

மறுநாள் அதைவிட நேரமாயிற்று. அதற்கு மறுநாள் இலையின் முன் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். அவள் ஊட்டிவிடப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டார். அவர் கண்ணில் அவளிடம் கெஞ்சுகிற மாதிரி ஒன்று இருந்தது, வாய் திறக்கவில்லை.

பிரகதாம்பாள் முக்காடு போட்டுக்கொண்டு சேரிக்குப் போனாள். அதுவரை அந்தத் தெருவில் அவள் கால் வைத்ததில்லை. சாமிதுரையின் மனைவி வேம்பு குடிசை வாசலில், நனைந்த வைக்கோலைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

"வேம்பு, எங்க கொல்லைப் பக்கம் யாராச்சும் வந்து போறாங்களா? நாயக் கூப்புடுறாங்களா?"

"எங்க ஆளுவ யாரும் அங்க வர்றதில்ல ஆச்சி. வந்தா என்னாவும்னு எங்களுக்குத் தெரியுமே."

பிரகதாம்பாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஒன் வீட்டுக்காரரு அந்த நாய எப்புடிப் பழக்குனாரு?" என்றாள்.

வேம்பு வைக்கோலை உதறுவதை நிறுத்தினாள்.

"அடிக்க மாட்டாரு. வையவும் மாட்டாரு. எதுத்தாப்ல குந்திக்கிட்டுக் கெடப்பாரு. அது பட்டினி கெடந்தா அவரும் பட்டினி. மழ பேஞ்சாலும் அசைய மாட்டாரு. அது படியிற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டாரு." அவள் பிரகதாம்பாளின் முகத்தை முதல்தடவையாக நேராகப் பார்த்தாள். "ஒண்ணு படிஞ்சுட்டா சும்மா இருக்கமாட்டாரு ஆச்சி. அடுத்ததப் புடிச்சுக்குவாரு."

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊரில் கரண்ட் போயிருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் இலை, தொடாத சோறு, அதன்மேல் எறும்பு. அறையில் அவர் இல்லை. கொட்டகையில் நாய் இல்லை. சேற்று வாடை மட்டும் கொல்லைக் கதவு வழியாக வெளியே போயிருந்தது, பின்னால் வா என்பதுபோல.

கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. மழையின் சாம்பல் வெளிச்சத்தில், பூவரச மரத்தடியில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஒன்று வெள்ளை நாய். பக்கத்தில், முழங்காலை மடித்து, கைகளை முன்னால் ஊன்றி, அவள் கணவர்.

"ஏங்க."

இரண்டும் திரும்பவில்லை. ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். கல்லாகக் கனத்தார். மேலெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் இல்லை. அடிபட்ட பிறகு அவள் சோறு வைக்கப் போகும்போது நாயின் விலாத் தோல் நடுங்குமே, அதுபோல.

அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

எழுந்தார். கரையிலிருந்து இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. நடுவில் நின்றார்.

"வேணாங்க. வந்துடுங்க. ஏங்க."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கண்கள் விரிந்திருந்தன. எல்லாம் தெரிந்துதான் இருந்தது அவருக்கு. பிறகு மெதுவாக, கவனமாக, கீழ்ப்படிந்து, தண்ணீருக்குள் உட்கார்ந்தார்.

தோள். கழுத்து. வாய்.

நெற்றி.

தலைமயிர் மட்டும் கொஞ்ச நேரம் மேலே மிதந்து அலைந்தது. அவர் எழவில்லை. கை தூக்கவில்லை. குமிழிகள் வந்தன. மழைத்துளிகளுக்கு நடுவே எது குமிழி, எது மழை என்று தெரியாமல் ஆயிற்று.

இறங்கிப் பிடித்துத் தூக்கிவிடலாம். நாலு எட்டுத்தான். அவள் போக நினைத்தாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. மழைச் சத்தத்தைத் தவிர அவள் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் முழங்கால் தானாக மடிந்தது. ஈரச் சேறு புடவை வழியாக ஏறிச் சில்லிட்டது. அவள் உட்கார்ந்திருந்தாள்.

நாய் எழுந்து வந்து அவள் பக்கத்தில், முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தது. அதன் வால் சேற்றில் மெல்ல ஆடியது.

எதிரே வெறும் கரை. கோரைப்புல் மேல் மழை. அதில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், ஒரு ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு, புல் மடங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் மழை தரைக்கு வரவில்லை.

பிரகதாம்பாள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. வாய்க்கால் தண்ணீர் ஏறி அவள் பாதத்தைத் தொட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.