புகாரை மூடிய குரல்

மெர்லின் அந்த வீட்டுக்குக் குடிவந்ததே நெட்டுக்காகத்தான். நைனார்பாளையத்தில் ஃபைபர் கேபிள் இழுத்திருந்த தெருக்கள் இரண்டே இரண்டு. அதில் காலியாக இருந்த வீடு இது ஒன்றுதான். பழைய ஓட்டு வீடு, நீளமான நடை, பகலிலும் விளக்குப் போட வேண்டிய பின்னறை. புருஷன் ஜோஸ்வா வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறான். சனிக்கிழமை இறங்கி வந்தால் திங்கட்கிழமை விடியலில் மலையேறிவிடுவான். மற்ற நாளெல்லாம் அவளும் அந்த இருட்டறையும் மோடமும்தான்.

சென்னையில் ஒரு மிக்ஸி கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே போனில் புகார் கேட்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுபது பேர். ஜார் ஒழுகுகிறது, பிளேடு சுற்றவில்லை, சட்னி பாதியில் நிற்கிறது. அத்தனை பேருக்கும் குரலில் சர்க்கரை தடவி "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். ஊரார் குறையைக் கேட்டே தொண்டை கட்டிப்போனவளுடைய குறையைக் கேட்கத்தான் நாதியில்லை.

குறை இதுதான். வேலை நாள் தவறாமல், பதினொன்றேகாலுக்கோ மூன்று மணிக்கோ ஒரு தரம் நெட் போய்விடும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். மின்விசிறியின் கரகரப்பு மட்டும் திடீரெனப் பெரிதாகக் கேட்கும். கூடவே ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை மெல்ல வரும். தரை துடைக்கிற லோஷனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது. வாசலுக்கு ஓடி, கொளுத்தும் வெயிலில் நின்று நெட் கம்பெனிக்குப் புகார் பதிவு செய்வாள். பத்து நிமிடத்தில் நெட் வந்துவிடும். பின்னாலேயே ஒரு குறுஞ்செய்தியும் வரும். 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. தங்கள் ஒப்புதலுக்கு நன்றி.'

யார் ஒப்புதல் கொடுத்தது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

லைன்மேன் பகலவன் ஒருநாள் வந்தான். லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றான்.

"நேத்து சாயங்காலமே வந்தன்க்கா. நீங்க உள்ள யார்கிட்டயோ பேசிக்கினு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வாணாம்னு போய்ட்டன்."

முந்தின நாள் அந்த நேரத்தில் அவள் சின்னசேலத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். சோம்பேறிப் பயல் வாய் கூசாமல் புளுகுகிறான் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மாதத்தில் இருபத்துமூன்று புகார், இருபத்துமூன்றும் மூடியாயிற்று. அப்போதுதான் சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் ஷாலினி கூப்பிட்டாள். "மெர்லின், இந்த வாரம் இன்னொரு வாட்டி லைன் போச்சுன்னா உங்க ஐ.டி.ய எடுத்துடுவாங்க. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

வேலை போனால் திருக்கோவிலூரில் மாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரே கூரையின் கீழே பதினோரு பேர். அவள் எழுந்தால் பேச்சு, உட்கார்ந்தால் பேச்சு. அங்கிருந்து தப்பி வந்ததே பெரும்பாடு. வியாழக்கிழமை லீவு சொன்னாள். இருபத்துமூன்று புகாரையும் தேதி போட்டு எழுதினாள். கிளம்பும் நேரத்தில் பார்த்தால் மறுபடி சிவப்பு விளக்கு. பழக்க தோஷத்தில் வாசலில் நின்று இருபத்துநாலாவதையும் பதிவு செய்துவிட்டு, கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள்.

நெட் கம்பெனியின் அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்தது. படியேறி மூச்சு வாங்கி நின்றதுமே, போன் மேசையில் இருந்த கண்ணகி என்ற பெண் எழுந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். வெயிலுக்கு அது அமிர்தமாக இறங்கியது. பாதிச் சண்டை அந்தத் தண்ணீரிலேயே கரைந்துவிடும் போலிருந்தது.

கிளைப் பொறுப்பாளர் அன்சர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தான். மரியாதையான பையன்தான்.

"எங்க பக்கம் தப்பே இல்லைங்க மேடம். ஒவ்வொரு புகாரும் ஒங்க வூட்ல கேட்டுட்டுதான் மூடறோம்."

"எங்க வூட்ல யாரைக் கேட்டீங்க? நான் ஒண்டியா இருக்கறன்."

"லேண்ட்லைன்ல போட்டுக் கேப்போம். கனெக்ஷனோட ஒரு நம்பரும் வரும் இல்லீங்களா."

"நம்பர் வரும். எங்க வூட்ல போன் கெடையாதுங்க. நான் வாங்கவே இல்ல."

அன்சர் சிரிக்கப் பார்த்தான். பக்கத்து மேசையிலிருந்து கண்ணகி மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ டெய்லி பேசறது ஒங்க மாமியார் இல்லீங்களாக்கா?"

அன்சர் அந்தப் போன் பேச்சின் பதிவைத் தேடி எடுத்துப் போட்டான்.

மணி அடிக்கிறது. இரண்டாவது மணியில் எடுக்கிறார்கள். கண்ணகியின் குரல் கேட்கிறது. 'நெட்டு சரியாயிடுச்சுங்களா?'

'ஆச்சும்மா. மூடிடு.' பெண் குரல். வயதான குரல், அவசரமே இல்லாத குரல்.

'வேற ஏதாவது உதவி வேணுங்களா?'

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல ஒரு பெருமூச்சு. 'நீ சாப்ட்டியாம்மா?'

பின்னணியில் மின்விசிறி கரகரத்தது. அந்தக் கரகரப்பை மெர்லினுக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த ஆபீஸ்ல என்னைப் பாத்து சாப்ட்டியான்னு கேட்ட ஒரே ஆள் அவங்கதான்க்கா" என்றாள் கண்ணகி. "நானும் பேசிக்கினு இருந்துட்டேன். சில நாள் அரைமணி நேரங்கூட ஆவும்."

அன்சர் அடுத்ததைப் போட்டான்.

'புகார் குடுத்தவங்க இருக்காங்களா?'

'வாசல்ல வெயில்ல நிக்கறாம்மா. செருப்புகூட போடாம ஓடினா. நீ பேசு.'

மெர்லின் குனிந்து தன் கால் செருப்பைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலைலது ஒண்ணு இருக்குது" என்றான் அன்சர். குரல் இறங்கியிருந்தது. "வாணாம்னா விட்டுடலாங்க மேடம்."

"போடுங்க."

'அவ அங்கதான் வர்றா, கண்ணகி. பேப்பர்ல எல்லாத்தையும் எழுதிக்கினு, கோவமா வர்றா. ராத்திரி பூரா தூங்கலை, பக்கத்துல இருந்து பாத்துக்கினுதான் இருந்தன். வந்ததும் தண்ணி குடு.'

காலிச் சொம்பு மெர்லினின் முன்னால் இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இங்கே பூதம் ஏற்கெனவே வெளியே வந்து, இவளுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. அழுகை வர வேண்டிய இடம். அவளுக்கு அலுப்புத்தான் வந்தது. இருபத்துமூன்று நாள் அலுப்பு.

"அந்த நம்பரை எடுத்துடுங்க" என்றாள். "நெட்டு மட்டும் போதும்."

அன்சர் ஒரு படிவத்தை நீட்டினான். கையெழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் நாலு தட்டு தட்டினான். மணி பன்னிரண்டரை. "ஆச்சுங்க" என்றான்.

"பாவம்க்கா" என்றாள் கண்ணகி, யாரையும் பார்க்காமல்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மூன்று மணி. தெருமுனையில் பச்சையம்மாளின் பெட்டிக்கடை. கற்பூரவல்லிப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டே மெர்லின் கேட்டாள்.

"எங்க வூட்ல முன்னாடி யாருக்கா இருந்தாங்க?"

"நர்சம்மா. உபகாரமேரின்னு பேரு. பென்ஷன் வாங்கிக்கினு தனியா கெடந்தது. போன்தான் அதுக்கு எல்லாம். யாரும் பேசமாட்டாங்களேன்னு ரயில்வே நம்பருக்கெல்லாம் போட்டு வண்டி எத்தினி மணிக்குன்னு கேக்கும். அது எந்த ஊருக்குப் போவப்போவுது? போன் கையில இருக்கசொல்லதான் உசுரு போச்சு." பச்சையம்மாள் பழத்தைக் காகிதத்தில் சுற்றினாள். "யாரும் ஒங்கிட்ட சொல்லலியா?"

அதற்குள் மெர்லினின் செல்போன் அடித்தது. ஷாலினி.

"இன்னா மெர்லின், லீவு சொல்லிட்டு லாகின் பண்ணிட்டீங்க?"

"நான் பண்ணலையே."

"விளையாடாதீங்க. பன்னெண்டரைலேருந்து லைன்லதான் இருக்கீங்க. லைன் ஒரு வாட்டிகூட கட்டாவல. பேசின அத்தினி பேரும் ஃபுல் மார்க் போட்டிருக்காங்க. ஒருத்தர் அழுதுட்டாராம். மேனேஜரே கேட்டுட்டு, இந்தப் பொண்ண விடாதீங்கன்னு சொல்லிட்டாரு. வேலைக்கு இனிமே பயமில்ல, போதுமா?" ஷாலினியின் குரல் தணிந்தது. "ஒரு நிமிஷம் மெர்லின். ஸ்கிரீன்ல நீங்க இப்பகூட ஒரு கஸ்டமர்கிட்ட பேசிட்டுதான் இருக்கீங்க. அப்போ எங்கிட்ட எப்டிப் பேசறீங்க?"

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

வீட்டில் பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தாள்.

நடையிலேயே ஸ்பிரிட் வாசனை.

பின்னறையில் விளக்கு எரிந்தது. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சை. குடிவந்த நாளிலிருந்து அது அவ்வளவு அழகாக எரிந்து அவள் பார்த்ததில்லை. லேப்டாப் திறந்திருந்தது. மேசைமேல் ஹெட்செட். அதற்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல் பூச்சி மாதிரி சன்னமாக வந்துகொண்டிருந்தது.

உட்காராமல், நின்றபடியே அதை எடுத்துக் காதில் வைத்தாள். காதுப் பஞ்சு சூடாக இருந்தது.

"வணக்கம் சார், சொல்லுங்க."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. "நீங்க யாருங்க?"

"மெர்லின் பேசறன் சார். உங்க மிக்ஸி..."

"மிக்ஸி அப்பவே ஓட ஆரம்பிச்சிடுச்சுங்க. இந்நேரம் பேசிக்கினு இருந்தாங்களே, அந்தம்மாகிட்ட குடுங்க."

"இங்க வேற யாரும் இல்லீங்க சார்."

"இல்லியா?" அந்த ஆள் குழம்பினார். "பொண்ணு வந்துட்டா, ஒரு நிமிஷம் இருன்னு இப்பதானே சொன்னாங்க."

மெர்லினுக்குப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத வெட்கம் அது. நான்கு வருஷமாக அவள் செய்கிற வேலை அவளைவிட அந்தக் குரலுக்கு நன்றாக வருகிறது. கத்தவும் ஓடவும் உடம்பில் தெம்பில்லை. ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இரண்டடி பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள்.

நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது.

மேசையிலிருந்து அந்த ஆளின் குரல் நிம்மதியாகக் கேட்டது.

"ஆங், வந்துட்டீங்களா. சொல்லுங்கம்மா."