செம்பு அறை

கதவைச் சாத்தியும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதுதான் தனபாலனுக்குப் பிடிக்கவில்லை.

அடையாறில் ரேடியோ செய்யும் அந்தக் கம்பெனியில் சோதனை அறை அவன் பொறுப்பு. சுவர், தரை, கூரை, கதவு எல்லாமே செம்புத் தகடு. வெளியிலிருந்து வரும் அலையில் பெரும்பங்கைச் செம்பு திருப்பி அடித்துவிடும்; மிச்சத்தைத் தனக்குள்ளேயே தின்று தீர்த்துவிடும். கதவைச் சாத்தினால் எந்த ஸ்டேஷனும் செத்துப்போகவேண்டும். நேற்றுவரை அப்படித்தான் இருந்தது.

குனிந்து பார்த்தால், கதவு விளிம்பு பூராவும் பச்சைப் பெயிண்ட்.

"நாளிக்கு ஆயுத பூஜையாச்சே சார், பளபளன்னு இருக்கட்டும்னு நான்தான் அடிச்சேன். இன்னா இப்போ?" என்றார் வாட்ச்மேன் ராஜரத்தினம். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மிஷினுக்குச் சந்தனம் வைத்தோமா, பொரி தின்றோமா என்று இல்லாமல் இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை? பெயிண்ட் இருந்தால் செம்பும் செம்பும் தொடாது. தொடாத இடுக்கில் அலை புகுந்துவிடும். தனபாலன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வெளியே பெஞ்சில் அவன் மனைவி புஷ்பம் காத்திருந்தாள். ஏழாம் மாசம். வளைகாப்புப் புடவை எடுக்க தி. நகர் போகலாம் என்று அவன்தான் வரச்சொல்லியிருந்தான். ஒன்பது வருஷம் கோயில் குளம் சுற்றித் தங்கிய கரு. அவள் லேசாகத் தடுக்கினாலே இவனுக்குப் பகீர் என்னும்.

"மழை வருதுங்க, சீக்கிரம். ரங்கநாதன் தெருவுல கால் வைக்க முடியாது இன்னைக்கு," என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். வாய் ஓயாது அவளுக்கு. அது காதில் விழுந்தால்தான் இவனுக்கு வேலை ஓடும்.

காயாத பெயிண்ட்டின் நெடி மூக்கில் ஏற, விரலில் செம்பு வாடை ஒட்ட, தலைக்குமேல் ஒற்றை பல்பு கொசுவைப் போல ரீங்கரிக்க, விளிம்பு முழுக்கச் சுரண்டி முடித்தான். உள்ளே நின்று கதவை இழுத்து இறுக்கித் தாழ் போட்டான். பாட்டு மெலிந்தது. நின்றது. அப்பாடா என்றிருந்தது.

"ஏங்க."

ரேடியோவிலிருந்து. புஷ்பத்தின் குரல்.

திருகி அணைத்தான்.

"ஏங்க, இங்க இருட்டா இருக்கு."

பின்மூடியைத் திறந்து பேட்டரிகளை உருவினான். தரையில் உருண்டன.

"மூச்சு முட்டுதுங்க."

வெளியிலிருந்து எதுவும் வரமுடியாது. அவனே இப்போதுதான் அடைத்தான். அப்படியென்றால் குரல் உள்ளே இருக்கிறது. இடது சுவரில் பட்டது. வலது சுவருக்குப் போனது. கூரையிலிருந்து இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்து. செம்பு தின்றுகொண்டிருந்தது.

தாழை உடைக்காத குறையாக இழுத்து, கதவைத் தள்ளினான்.

மழைச் சத்தம் கேட்டது. வாசலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது கேட்டது. புஷ்பம் பெஞ்சை விட்டு எழுந்து நின்றிருந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, வாயைப் பிளந்து, அவனைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

அவள் கைகள் இரண்டும் வயிற்றைத் தடவித் தடவித் தேடின. புடவைக்கு அடியில் வயிறு தட்டையாக இருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், செம்புக்குள், பச்சைக் குழந்தை ஒன்று வீறிட்டது. சுவருக்குச் சுவர் மோதி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.