ஆளறிவான் அறியாத பூங்கோதை

"நீங்கள் பூங்கோதை இல்லை" என்றது திரை. காலையிலிருந்து ஒன்பதாவது முறை.

திருச்சி மருந்துக் கிடங்கில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் பூங்கோதைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு போனில் உதவி மையத்தை அழைத்தாள். மணப்பாறையில் ஒரு பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து இங்கே குளிரறையில் இருக்கிறது. தரவுத்தளத்துக்குள் போய் உத்தரவு கொடுத்தால்தான் பூட்டு விலகும், ஆளில்லாப் பறப்பான் மருந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

கடவுச்சொல் என்ற தொல்லை ஒழிந்து பல காலம் ஆகிறது. தரவுத்தளத்தின் வாசலில் இப்போது ஆளறிவான் என்ற மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. விரல் விழும் வேகம், தயங்கும் இடம், வழக்கமாகச் செய்யும் தப்பு எல்லாவற்றையும் நாள்தோறும் பார்த்து ஆளைப் படித்துவைத்திருக்கும். முகத்தை மாற்றலாம், பழக்கத்தை மாற்ற முடியுமா என்று விளம்பரம் செய்தார்கள்.

உதவி மையத்து இருதயராஜ் பதறாத ஆள். இணைப்பைச் சோதித்தான், உயிரோடு இருந்தது. பயனர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது, அனுமதியும் இருந்தது. அதே கணினியில் தொலைவிலிருந்து தன் பெயரில் நுழைந்து பார்த்தான், மறுபேச்சில்லாமல் திறந்தது. ஆனால் அவனுக்குப் பார்க்கத்தான் அனுமதி, மருந்தை விடுவிக்க இல்லை. கடைசியில் ஆளறிவானின் குறிப்பேட்டைப் புரட்டினான். பொருத்தம் நூற்றுக்குப் பதினான்கு.

"மேடம், உங்க பேர்ல வேற யாராச்சும் வேலை பாக்குறாங்களா?"

"மறைக்க என்ன இருக்கு தம்பி. நாங்க ஏழு பேருமே என் பேர்லதான் உள்ள போவோம்."

புதிதாக ஒரு பெயர் பதிய மூன்று படிவம், தலைமையகத்தில் இரண்டு கையெழுத்து. யார் அலைவது? நம் ஊரில் எந்த அலுவலகத்தில் இது நடக்கவில்லை? ஆளறிவான் பாவம், ஏழு பேரையும் கலந்து ஒரே பூங்கோதையாகக் கற்றுக்கொண்டது. இன்று மற்ற ஆறு பேரும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். தனியாக வந்த நிஜப் பூங்கோதையை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

அவசரத்துக்கு ஒருவரை நீக்கி இன்னொருவரைப் பதியும் அதிகாரம் உதவி மையத்துக்கு உண்டு. பழைய பூங்கோதையை அழித்து, இவளைப் புது ஆளாகச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வருட அனுபவம் போகும், அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வும் போகும். சொல்வதற்கே இருதயராஜுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு உசுரு போனா திரும்ப வருமா? அழிங்க தம்பி."

நீக்கக் காரணம் என்ன என்று திரை கேட்டது. ஓய்வு, விலகல், மரணம். முதல் இரண்டுக்கும் ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டுமாம். பூங்கோதை மூன்றாவதைத் தொட்டாள்.

புது ஆளாகப் பதிந்ததும் பூட்டு விலகியது, பறப்பான் கிளம்பியது. ஊசி போட்டாயிற்று, பிழைத்துக்கொள்வாள் என்று மணப்பாறையிலிருந்து செய்தி வந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், திரையில் புது ஊழியருக்கான வரவேற்பு. முன்மாதிரியாக ஒருவரைக் காட்டியிருந்தார்கள்: மறைந்த பூங்கோதை. சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போகாதவர், பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர். மூன்று மாதத்துக்குள் அவரளவு வேலையை எட்டாதவர் பெயர் நீக்கப்படும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

அவள் போனை எடுத்துக் கும்பகோணத்தை அழைத்தாள்.

"சாப்பிட்டதும் எல்லாரும் கிளம்பி வாங்க," என்றாள். "என்னால தனியா பூங்கோதையா இருக்க முடியாது."