குமிழி நிற்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைத் தரையில் ஒரு சொம்பு தண்ணீர் கை தவறிக் கொட்டியது. கொட்டிய தண்ணீர் பிரிட்ஜ் வரைக்கும் ஓடி, அதன் காலடியில் சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு, வந்த வழியே அவள் பாதத்துக்குத் திரும்பி வந்தது.

துடைக்க எடுத்த துணியோடு அவள் அப்படியே நின்றாள். தண்ணீர் வடிவதற்காகத் தரையை ஒரு பக்கம் லேசாகச் சரித்து வைப்பார்கள். கொத்தனார் பேச்சில் அதற்கு வாட்டம் என்று பெயர். பதினான்கு வருடமாகக் கட்டட வேலைக்கு மேற்பார்வை பார்க்கிறவள் அவள். வாட்டம் தப்பிய தரை எத்தனையோ பார்த்து, எத்தனையோ மேஸ்திரிகளைத் திட்டித் தீர்த்து, பதித்த கல்லைப் பெயர்க்க வைத்திருக்கிறாள். போன தண்ணீர் திரும்பி வருகிற தரையை மட்டும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடியும் பிரிட்ஜ் பக்கம் கிளம்பியது. கூடவே அவள் வயிற்றுக்குள் அந்தக் குமட்டலும் புரண்டு கொடுத்தது.

நாலு வாரமாக இந்தக் குமட்டல். வாந்தியாக வந்து தொலைந்தாலும் பரவாயில்லை, வராது. நாக்குக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஊறும், தொண்டையில் ஏதோ ஏறி உட்காரும், அவ்வளவுதான். வேலைக்குப் போய்ச் சிமெண்ட் தூசியில் நின்றால் மத்தியானத்துக்குள் விட்டுவிடும். சாயங்காலம் வீட்டு வாசலை மிதித்ததும் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னால் யார் காதிலும் ஏறவில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாயு என்று சொல்லி மாத்திரை எழுதினார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார். கூட வேலை பார்க்கிற இன்ஜினியர், வெறும் வயிற்றில் டீ குடிக்காதீர்கள் என்று உபதேசம் செய்தார். அவர் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிறவர். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று நாத்தனார் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இல்லை என்று சோதனை அட்டையையே காட்டிய பிறகும், அந்த அட்டையைத்தான் சந்தேகமாகப் பார்த்தாள். கணவன் எல்லாருக்கும் மேலே போய், எல்லாம் நினைப்புத்தான் என்றான். நாக்குக்கு அடியில் ஊறுவது நினைப்பா? அவன் மண்டையிலேயே ஒன்று போடலாம் என்று வந்தது அவளுக்கு.

இத்தனைக்கும் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் நாலு பேருக்குமே குமட்டியது. புதுப் பெயிண்ட் வாசனை என்று ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார்கள். வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிற கணவனுக்கு முதலில் விட்டது. அடுத்து, நாளெல்லாம் தையல் மெஷினே கதி என்று உட்கார்ந்திருக்கிற நாத்தனாருக்கு. பள்ளி விடுமுறையில் இருந்த ஏழு வயது மகள் சின்னுவுக்குப் பத்தாம் நாள் விட்டது. பிறகு பள்ளி திறந்தும் போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். கணவன் வாசலுக்குப் போய்ப் பால் பாக்கெட் எடுப்பதைக்கூட நிறுத்திவிட்டான்.

"நீ வெளியில சுத்துறதை நிறுத்து," என்று நாத்தனார் நேற்றுச் சொன்னாள். "ஒரு வாரம் வீட்டோட இரு. தானா சரியாயிடும். எங்களுக்கெல்லாம் ஆகலையா?"

என்றைக்கும் இல்லாத அன்போடு சொன்னதுதான் உறுத்தியது.

அவள் துணியைப் போட்டுவிட்டு வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தாள். மஞ்சள் கட்டை, நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றால் தரை மட்டம். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றும் இதைத் தரையில் வைத்தாள். தொழில்காரர்கள் வைக்கிற மாதிரிதான்: வை, ஒரு பார்வை பார், எடு. குமிழி நடுவில் இருந்தது. மட்டம் சரியாக இருக்கிறது, குடிவரலாம் என்று சொன்னவளே அவள்தான். ஒரு நாளைக்கு நூறு இடத்தில் வைத்து எடுக்கிறவள், எந்த இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்?

இப்போது உட்கார்ந்து பார்த்தாள்.

குமிழி நடுவில் இருந்தது. பிறகு எறும்பு ஊர்கிற வேகத்தில் இடப்பக்கம் நகர்ந்து, கோட்டைத் தாண்டி, நின்றது. திரும்பியது. நடுவைக் கடந்து வலப்பக்கம் போய் நின்றது. மறுபடி இடப்பக்கம். அன்றைக்கு அவள் பார்த்தது நின்ற குமிழியை அல்ல, நடுவைக் கடந்து போய்க்கொண்டிருந்த குமிழியை. அந்த ஒரு நொடியைப் பார்த்துத்தான் குழந்தையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது.

குனிந்திருந்த முகத்துக்கு, தரைக்கல் இடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. சிமெண்ட் ஈரம் அல்ல, சாக்கடையும் அல்ல, தூங்கி எழுந்தவர்கள் கொட்டாவி விடும்போது வருகிற வெதுவெதுப்பான வாடை. கூடத்திலிருந்து தையல் மெஷினின் சத்தம் கேட்டது, கடகடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடி, நின்று. சத்தம் நிற்கும்போதெல்லாம் குமிழியும் நின்றது.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். கணவன் கணினிக்கு முன்னால். நாத்தனார் மெஷினில். சின்னு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. சுவரில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது. மூன்று பேரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். ஒரு விரல் அளவுதான். நின்றார்கள். வலப்பக்கம் சாய்ந்தார்கள்.

ஒன்றாக.

"ஏங்க, வீடு ஆடுது," என்றாள்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆடட்டுமே. நீ எதுக்கு அதை எதிர்த்து நிக்கிற?"

அவனுக்குத் தெரிந்திருந்தது. நாலு வாரமாக அவளை நினைப்பு, நினைப்பு என்று நோயாளியாக்கிவிட்டு, தெரிந்தே உட்கார்ந்திருந்தான். ஓங்கி ஓர் அறை விடத்தான் கை பரபரத்தது. அதற்கு நேரமில்லை. குழந்தையை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"புள்ளைய வெளியில கொண்டுபோகாதே," என்றாள் நாத்தனார், தைப்பதை நிறுத்தாமல். "அதுக்கு இனி வெளியில சேராது."

யாரும் தடுக்க எழுந்து வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கேட்டைத் தாண்டியதும் சின்னு தோளில் வாந்தி எடுத்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தெருவைக் கீழே குனிந்து பார்த்தாள்.

"அம்மா, தரை ஏன் நின்னுடுச்சு?"

"தரை நிக்கத்தாண்டி செய்யும், தங்கம். நாம சித்தி வீட்டுக்குப் போறோம்."

வெயில் அடித்தது. மளிகைக் கடையில் ஆள் நடமாட்டம். ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். இரண்டு தெருத் தள்ளிப் பேருந்து நிறுத்தம். போகிற வழியெல்லாம் குழந்தை மூச்சுக்குத் திணறியது. விட்டு விட்டு, இழுத்து இழுத்து. நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. கன்னத்தில் ரத்தம் ஏறியது. சின்னு தூங்கிப்போனாள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பித்தாயிற்று. அவன் கிடக்கட்டும், அந்த வீட்டையே கட்டிக்கொண்டு அழட்டும். நாலு வாரத்தில் முதல் தடவையாக, வீட்டை விட்டு வந்த சற்று நேரத்துக்குள்ளேயே நாக்கு உலர்ந்திருந்தது. குமட்டல் அடியோடு போய்விட்டது. பசிக்கக்கூடச் செய்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள். "கொஞ்சம் ஆடாம உக்காருங்களேன். எனக்கு என்னமோ குமட்டுது."

"நான் ஆடலையே," என்றாள் அவள்.

பிறகு தன் முழங்காலைப் பார்த்தாள்.

இடப்பக்கம். நின்றது. வலப்பக்கம்.

பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். உடம்பை நிறுத்தினாள். ஒவ்வொரு எலும்பாக நிறுத்தினாள். நின்றது.

குழந்தையின் மூச்சும் நின்றது.

உதடு நீலமானது. தட்டினாள். உலுக்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூச்சு இல்லை. கை தானாகத் தளர்ந்தது. இடுப்பு தானாகச் சாய்ந்தது. இடப்பக்கம்.

சின்னு மூச்சை இழுத்தாள்.

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாய்ந்தாள். நின்றாள். சாய்ந்தாள். நிறுத்த முடியாது. நிறுத்தவும் மாட்டாள். பக்கத்துப் பெண் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தார். முன் ஜன்னலில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஜன்னலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு அடுத்த ஜன்னலில். அதற்கும் அடுத்த ஜன்னலில்.