மார்னியின் பதில்

மார்னியின் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி மட்டும் உருகவே இல்லை.

காலணி கழற்றும் அந்தச் சின்ன அறையில் ஹீட்டர் அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. லோர்னாவின் பூட்ஸ், அவள் கணவன் க்ளென்னின் பூட்ஸ், அவன் சிநேகிதன் டர்க்கின் படகு மாதிரி பூட்ஸ், எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டி, ரப்பர் விரிப்பில் குளம் கட்டியிருந்தது. ஈரக் கம்பளிக் காலுறைகளின் நாற்றத்தோடு, சமையலறையில் மான்கறியும் பீன்ஸும் கொதிக்கிற வாசனையும் சேர்ந்து வந்தது. வருஷா வருஷம் பனிச்சறுக்குக்கு இதே வாடகை வீடு, இதே மான்டானா மலை, இதே வாசனைதான். பெஞ்சின் கோடியில் தங்கை மார்னி நீல ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட், கண்ணை மறைக்கிற பெரிய கண்ணாடி, மூக்குவரை ஏற்றிவிட்ட கழுத்துத் துணி என்று எதையும் கழற்றவில்லை. அவள் காலடியில் மட்டும் விரிப்பு காய்ந்து கிடந்தது.

"என்னடி, பிடிச்சு வெச்ச மாதிரி உக்காந்திருக்க? எம்மேல கோவமா?"

மார்னியின் கண்ணாடி எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே இருந்தது.

கோபப்பட்டாலும் நியாயம்தான். மரங்களுக்குள்ள வேண்டாம்க்கா, எனக்குப் பயமா இருக்குன்னு, மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட்டிலேயே மார்னி கெஞ்சினாள். "அடப் பயந்தாங்கொள்ளி! கடைசியா ஒரே ஒரு ரவுண்டு, நேரா வீட்டுக்குப் பின்னாடி வந்து இறங்கிடலாம்" என்று இழுத்துக்கொண்டு போனது லோர்னா. ஃபிர் என்கிற ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பொலபொலவென்று குழியாகக் கிடக்கும். தலைகுப்புற விழுந்தால் அவ்வளவுதான், கூட வருபவர் உடனே தோண்டி எடுத்தால் உண்டு. அதனால்தான் மரங்களுக்குள் யாரும் தனியாகச் சறுக்குவதில்லை. முன்னால் போகிறவர் 'ஹூ-ஊப்' என்று குரல் கொடுக்க வேண்டும், பின்னால் வருகிறவர் பதில் கொடுக்க வேண்டும். லோர்னா வழியெல்லாம் குரல் கொடுத்தாள். பதிலும் வந்தது.

"மகாராணிகளா, சாப்பாடு ஆறுது!" உள்ளேயிருந்து க்ளென் கத்தினான். "டர்க் சட்டியை வழிக்க ஆரம்பிச்சுட்டான்!"

"இந்தா வர்றோம்" என்று சொல்லிவிட்டு லோர்னா தங்கையின் பக்கம் திரும்பினாள். "கண்ணாடியைக் கழட்டுடி. மூஞ்சியைக் காட்டு."

அசைவில்லை. சும்மா சீண்டலாம் என்று, சின்னக் குரலில், "ஹூ-ஊப்" என்றாள்.

"ஹூ-ஊப்! வந்துக்கிட்டுதான் இருக்கேன்க்கா..." நடுவில் ஒரு இருமல். "நீ போய்க்கிட்டே இரு!"

மலை உச்சியில், முதல் தடவை கூப்பிட்டபோது மார்னி சொன்னது அதே வார்த்தை. நடுவழியில் கேட்டதும் அதேதான். ஓடையைத் தாண்டும்போதும் அதேதான். அதே இடத்தில் அதே இருமல். பசியில், பியர் ஞாபகத்தில், அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐயோ, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா! இப்போது பார்த்தாள். அந்தக் குரல் வந்தபோது வாயை மூடியிருந்த துணி அசையவில்லை. ஆணியில் தொங்கிய மற்ற எல்லார் துணியிலும் மூச்சுப் பட்ட ஈரம் இருந்தது. இந்தத் துணியில் இல்லை.

அப்படியென்றால் மார்னி இன்னும் மேலேதான் இருக்கிறாள். மூச்சு இருக்கும். இருக்க வேண்டும்.

பூட்ஸையும் பச்சை ஜாக்கெட்டையும் மாட்டி, மண்வெட்டியையும் தலை விளக்கையும் பறித்துக்கொண்டு திரும்பும்போது பெஞ்சு காலியாக இருந்தது. வெளிக்கதவு தானாகத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. கரண்டியோடு க்ளென் எட்டிப் பார்த்தான்.

"இருட்டப் போற நேரத்துல எங்க கிளம்பிட்ட? மார்னி எங்க?"

தங்கச்சியை மரத்துக்குள்ள விட்டுட்டு வந்துட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "இதோ வந்துடறேன்" என்றாள். "கதவைச் சாத்து, குளிரு உள்ள வருது."

வெளியே காற்றே இல்லை. வீட்டுக்குப் பின்னாலேயே மேடு தொடங்கியது. அவள் சறுக்கி வந்த தடம் விளக்கொளியில் மரங்களுக்குள் ஏறிப் போனது. இரண்டே இரண்டு கோடுகள். ஒரு ஆளுடைய தடம். தொடைவரை புதைந்து புதைந்து ஏறினாள். நெஞ்சு எரிந்தது.

"ஹூ-ஊப்! மார்னி!"

"வந்துக்கிட்டுதான் இருக்கேன்க்கா..." இருமல்.

பின்னாலிருந்து. அவள் திரும்பவில்லை. ஏறினாள்.

ஓடைக்கு மேலே ஒரு பெரிய ஃபிர். அதன் கிளைக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பனிச்சறுக்குப் பலகையின் நுனி. வானத்தைப் பார்த்து நின்றது. மார்னியின் பலகை.

தோண்டினாள். கையாலும் தோண்டினாள். முழங்கால். நீல ஜாக்கெட். தோள். "இதோ கண்ணு, இதோ அக்கா வந்துட்டேன்." ஹெல்மெட். முகத்தைத் திருப்பினாள்.

வாய் திறந்திருந்தது. வாய் நிறையப் பனி. இறுகிக் கல்லாகியிருந்தது. எப்போதோ.

காலடியில் விளிம்பு சரிந்தது. லோர்னா மார்புவரை உள்ளே போனாள். கைகள் இரண்டும் பனிக்குள். உதறினாள். இன்னும் இறங்கினாள். விளக்கு மட்டும் மேலே பார்த்தது.

கீழே வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சம். எவ்வளவு பக்கம்!

"லோர்னா!" க்ளென்தான். "எங்க இருக்க? நாங்க வரட்டுமா?"

வா என்று கத்த வாயைத் திறந்தாள். கிளை குலுங்கியது. பனி மொத்தமாக வந்து விழுந்தது. முகத்தில். வாயில். துப்ப முடியவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பூட்ஸ் தெரிந்தன. பனியின் மேல், துளிகூடப் புதையாமல். அதற்கு மேலே இருந்த ஜாக்கெட் இப்போது நீலமில்லை. லோர்னா போட்டிருந்த அதே பச்சை. அது வீட்டைப் பார்த்துத் திரும்பியது. லோர்னாவின் குரலில், அவசரம்கூட மாறாமல், கூவியது.

"இதோ வந்துடறேன். கதவைச் சாத்து, குளிரு உள்ள வருது!"

"சரி, சீக்கிரம் வா!" என்றான் க்ளென். கதவைச் சாத்தினான்.