கை இல்லாத கிளைசின்

பார்த்தசாரதி இறந்துபோயிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே! பின்மண்டையில் ரத்தம். காலடியில் 'சிறந்த சிறுதொழில் நிறுவனம்' என்று பொறித்த வெண்கல ஷீல்டு. அவர் வாங்கிய பரிசு... அவர் உயிரை வாங்கியிருந்தது!

அவர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெபிஷா கதவைத் திறந்தாள். பார்த்தாள்.

"வீ...ஈ...ல்!"

அம்பத்தூர் எஸ்டேட்டின் மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பிய அந்த அலறலில், கீழே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டார்.

நேரம், மாலை நாலு நாற்பது.

மறுநாள் காலை பத்து மணி. அதே அறை. பிணம் மட்டும் மார்ச்சுவரிக்குப் போயிருந்தது. அது உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் எட்மண்ட். வயது ஐம்பத்தாறு. தொப்பைக்குத் தனியாக ஒரு இருபது.

கையில் இரண்டு தாள்கள். தலைகீழாகப் பார்த்தார். நேராகப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"இன்னாம்மா இது?"

"கான்டாக்ட் லிஸ்ட் சார்."

எட்மண்ட்டின் முகம் மலர்ந்தது. முப்பது வருஷ சர்வீஸில் 'கான்டாக்ட்' என்ற வார்த்தைக்கு அவர் அறிந்தது ஒரே அர்த்தம்தான்.

"நெனச்சேன்! கொலைன்னா கான்டாக்ட் இல்லாம எப்டி? சொல்லு... யாருக்கும் யாருக்கும்?"

"முதல் வரியில லைசினுக்கும் குளுட்டமிக்குக்கும் சார்."

"லைசியா? யார்மா அவ? நர்ஸா?"

கான்ஸ்டபிள் தங்கவேல் நோட்டைப் பிரித்தார். "லைசி... வயசு இன்னா போடட்டும் சார்?"

ஜெபிஷா தாளைப் பார்த்தபடி சொன்னாள். "லைசின் நூத்திநாலு."

தங்கவேலின் பேனா நின்றது.

"நூத்திநாலு வயசுலயா கான்டாக்டு! அடி ஆத்தீ!"

ஜெபிஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

"ஐயோ சார்! அது ஆள் இல்ல. அமினோ அமிலம். புரோட்டீன்னா ஒரு நீளமான மணிமாலை. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். நூத்திநாலாவது மணி லைசின். மாலை சும்மா நீட்டா கிடக்காது. சுருண்டு மடங்கிக்கும். அப்போ எந்த மணி எந்த மணிக்குப் பக்கத்துல வருதுன்னு கண்டுபிடிச்சு எழுதறதுதான் எங்க கம்பெனி வேலை. அதான் இந்த லிஸ்ட்."

"எவ்ளோ பக்கத்துல?"

"எட்டு ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்கா வெட்டுனா ஒரு ஆங்ஸ்ட்ராம்."

"கோடியாவா? யோவ் தங்கவேலு, நம்ம ஸ்டேஷன்ல ஸ்கேலுகூட ஒடஞ்சி கீதுய்யா!"

எட்மண்ட் தாளைக் கீழே வைத்தார். சிரிப்பையும் கீழே வைத்தார்.

"சரி பாப்பா. இப்போ என் லிஸ்ட்டைக் கேளு. நேத்து ரெண்டு மணிலேர்ந்து ஆபீஸ்ல நீயும் உங்க மொதலாளியும் மட்டும்தான். நாலு பத்துக்கு அவரு உனக்கு மெயில் அனுப்பி கீறாரு. இந்த லிஸ்ட்டைச் சேர்த்து! 'சரிபார்த்துவிட்டு என் அறைக்கு வா'ன்னு. அப்டின்னா நாலு பத்துக்கு ஆளு உசுரோட கீறாரு. நாலு நாப்பதுக்குப் பொணம். நடுவுல முப்பது நிமிஷம். நடுவுல நீ!"

"மெயிலை நேரம் குறிச்சு வச்சும் அனுப்பலாம் சார். ஆள் இல்லாமலே போகும்!"

"போவும். அதைக் கண்டுபுடிக்க சைபர் கிரைமுக்கு எழுதி கீறேன். பதில் வர ரெண்டு மாசமாவும். அது வரிக்கும் நீ புழல் ஜெயில்ல இரு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள உன்னை மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும்."

புழல்!

ஜெபிஷாவின் கண்முன் அறை சுற்றியது. கோவில்பதாகை வீட்டில் அம்மா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போகிற வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக ஆத்திரமாக இருந்தது.

"எனக்கு என்ன சார் அவர் மேல பகை?"

"நேத்து காலைல சண்டை போட்டியாமே! எட்டு மாசமா நீ எழுதுன கட்டுரைல உன் பேரை எடுத்துட்டாராமே! ரூபஸ் சொன்னாரு."

ரூபஸ்.

கம்பெனியில் இரண்டாவது இடம். வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருஷமாக அதே இரண்டாவது இடம்.

சொல்லிவைத்தாற்போலக் கதவு திறந்தது. ரூபஸ் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டையைப் போலவே துக்கத்தையும் இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

"கையெழுத்துப் போட வரச் சொன்னீங்களே சார்..."

"குந்துங்க சார். தங்கவேலு, அவரு வாக்குமூலத்தைப் படி. அப்டியே போன்ல வீடியோவும் எடு. மேலிடத்துல புதுசா ஆர்டர் போட்டு கீறாங்க."

தங்கவேல் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் காகிதத்தை வைத்துப் படித்தார்.

"'நான் மதியம் இரண்டு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினேன். சென்னீர்குப்பம் மண்டபத்தில் என் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் இரவு வரை இருந்தேன். நான் கிளம்பும்போது மேற்படி லிஸ்ட் தயாராகவில்லை. இன்றுவரை அதை நான் பார்த்ததில்லை.'"

"கரெக்டா சார்?"

"கரெக்ட்." கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. "பாவம், ஜெபிஷா... கோபத்துல என்னமோ பண்ணிட்டா. சின்னப் பொண்ணு. பார்த்துச் செய்ங்க சார்."

இரக்கம்! ஜெபிஷாவுக்கு உச்சந்தலை எரிந்தது.

"சார்... போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசலாமா? லிஸ்ட்டைப் பத்தி."

எட்மண்ட் வாட்சைப் பார்த்தார். "நாலு நிமிசம்."

ஜெபிஷா தாளைக் கையில் எடுத்தாள். எழுத்து யாருக்கும் தெரியாதபடி நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எங்க புரோகிராம் தூரத்தை எப்படி அளக்கும் தெரியுமா? ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் பக்கவாட்டுல ஒரு கை உண்டு. இந்தக் கையிலேர்ந்து அந்தக் கை வரைக்கும் அளக்கும். ஆனா கிளைசின்னு ஒருத்தன் இருக்கான். அவனுக்குக் கையே கிடையாது."

"அப்போ எதை அளக்கும்?"

"அளக்காது! ஆளே இல்லைன்னு விட்டுட்டுப் போயிடும். அதனால கிளைசினை மட்டும் நாமதான் உக்காந்து, உடம்பிலேர்ந்து அளந்து, லிஸ்ட்ல சேர்க்கணும். தொழில் தெரிஞ்சவன் சேர்ப்பான். தெரியாதவன் விட்டுடுவான்."

"இப்போ இன்னா சொல்ல வர்றே?"

"இந்த லிஸ்ட்ல ஒரு கிளைசின்கூட இல்ல சார்!"

ரூபஸின் புருவம் லேசாக ஏறியது. இறங்கியது.

ஜெபிஷா விடவில்லை. "இது அரைகுறை வேலை. பட்டனைத் தட்டிட்டு வந்ததை அப்படியே அனுப்பி இருக்காங்க. அஸ்திவாரமே தெரியாத கத்துக்குட்டி!"

ரூபஸ் தொண்டையைச் செருமினார். கால் மாற்றிப் போட்டார்.

"காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிற பசங்ககூட இதைவிட நல்லாப் பண்ணுவாங்க சார். இந்த லிஸ்ட்டைப் போட்டவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லாத..."

"ஜெபிஷா, நிறுத்து." ரூபஸின் குரல் நடுங்கியது.

"...வெறும் முட்டாள்!"

"யார்டி முட்டாள்?!"

ரூபஸ் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கண்ணைத் தொறந்து பாருடி! எழுபத்திரெண்டுல ஒரு கிளைசின்! நூத்திமுப்பதுல ஒரு கிளைசின்! ரெண்டையும் நானே கையால அளந்து சேர்த்திருக்கேன்! பதினோரு வருஷமா இதே வேலை பார்க்கிறவனைப் பார்த்து..."

நின்றார்.

வாய் திறந்தபடியே இருந்தது.



எட்மண்ட் மெதுவாக, மிக மெதுவாக எழுந்தார். ஜெபிஷாவின் கையிலிருந்த தாளை வாங்கினார். விரலை வைத்துத் தேடினார்.

"ஜி... எல்... ஒய்... எழுபத்திரெண்டு. கீது! நூத்திமுப்பது... அதுவும் கீது! தங்கவேலு, இந்த லிஸ்ட்டைப் பார்த்ததே இல்லைன்னு யாருய்யா இப்போ கையெழுத்துப் போட்டாங்க?"

"இந்த அண்ணாத்தேதான் சார். வீடியோல சூப்பரா வுழுந்து கீது."

"ரூபஸ் சார்... நீங்க பந்தில குந்திகினு பிரியாணி துன்னுகினு இருந்தப்போ, செத்தவரு மெயில் அனுப்பினாரா?"

ரூபஸ் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். இஸ்திரி எல்லாம் போய்விட்டது.

"ஜெபிஷா சாப்பிடப் போயிருந்தப்போ, ஒண்ணே முக்காலுக்கு அடிச்சேன் சார்... ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போன ரிப்போர்ட்ல எட்டு ஆங்ஸ்ட்ராம்னு எழுதிட்டு, புரோகிராமைப் பன்னெண்டு வச்சு ஓட்டினேன். ஒட்டாத மருந்தை ஒட்டுதுன்னு காட்டினேன். கண்டுபிடிச்சுட்டார். ஊரைக் கூட்டிச் சொல்லப்போறேன்னார். அவர் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்... நான் போட்டு வச்சிருந்த லிஸ்ட்டைச் சேர்த்து, மெயிலுக்கு நேரம் வச்சுட்டுக் கிளம்பிட்டேன்."

தங்கவேல் விலங்கை மாட்டினார்.

எட்மண்ட் ஜெபிஷா பக்கம் திரும்பினார். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏம்மா... இவருதான்னு உனக்கு எப்டித் தெரியும்? லிஸ்ட்ல கிளைசின் ஒழுங்காத்தானே கீது?"

"அதனாலதான் சார்! பார்த்தசாரதி சார் மகா சோம்பேறி. அவர் போட்ட லிஸ்ட்ல என்னிக்குமே கிளைசின் இருந்ததில்ல. ரூபஸ் சார்தான் பின்னாடியே போய் முணுமுணுத்துக்கிட்டே சேர்ப்பார். நேத்து வந்த லிஸ்ட் தப்பே இல்லாம இருந்துச்சு. நான் பண்ணல. வேற யாருக்குப் பண்ணத் தெரியும்? ஆனா இதைச் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"சத்தியமா நம்பியிருக்க மாட்டேன்."

"அதான்... இல்லைன்னு பொய் சொன்னேன்."

"பேருலயே ஜெபத்தை வெச்சிகினு போலீஸ் எதிர்ல பொய்யா?"

"ஞாயித்துக்கிழமை கோயில்ல ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணிடுறேன் சார்."

எட்மண்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெளியே மாடிப்படியில் பத்திரிகைக்காரர்களின் காலடிச் சத்தம் கேட்டது. சட்டையை இழுத்து, தொப்பையை எக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"அப்டியே எனக்கும் சேத்து ஒண்ணு பண்ணிடும்மா."

"நீங்க என்ன பொய் சொன்னீங்க சார்?"

"இன்னும் சொல்லலம்மா... கேஸைக் கண்டுபுடிச்சது நான்தான்னு இப்போதான் வெளிய போய் சொல்லப்போறேன்!"