பதில் கிடைக்காத செல்

அவள் சொன்ன 'குட் மார்னிங்'குக்கு ஒருவரும் நிமிரவில்லை.

ஏசியின் சன்னமான ரீங்காரமும், சூடேறிய கணினிகளின் பிளாஸ்டிக் வாடையும், மேசை மேசையாக ஊர்ந்து வரும் ஜன்னல் கம்பிகளின் நிழலுமாக ஆய்வுக்கூடம் எப்போதும்போலத்தான் இருந்தது. வேலை மும்முரம் போலிருக்கிறது என்று நினைத்துத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

கருவில் வளரும் மூளையில் தேவைக்கு மேல் செல்கள் பிறக்கும். அண்டை செல்களிடமிருந்து 'நீ வேண்டும்' என்ற சமிக்ஞை கிடைக்காதவை தாமாகவே செத்துப்போகும். அந்தச் சாவைக் கணினியில் நடத்திப் பார்ப்பதுதான் அவள் வேலை. எமனுக்கு அசிஸ்டென்ட் என்று பக்கத்து மேசை நெட்டையன் கேலி செய்வான்.

நேற்று மாலை விளையாட்டாக, செல்களுக்குப் பதில் ஆய்வுக்கூடத்து ஆட்களை அந்தக் கணினி மாடலில் போட்டிருந்தாள். பதில் கிடைக்காத செல்லாக அடுத்தவரைப் போட மனம் வரவில்லை. தன்னையே போட்டு, ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது திரையில் அவளைக் குறிக்கும் புள்ளி மட்டும் மங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தாள். கீபோர்டு வேலை செய்யவில்லை.

நெட்டையன் அவள் நாற்காலிக்கு மேலாக, ஆய்வுக்கூடத் தலைவியம்மாவைப் பார்த்தான். "எமனோட அசிஸ்டென்ட் இன்னிக்கு லீவா மேடம்?"

"யாரைச் சொல்ற?"

அவன் விழித்தான். "தெரியலயே. ஏன் கேட்டேன்னே மறந்துபோச்சு."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். காற்றில் பறந்த தூசியைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டான். கதவுக்கு ஓடி கைரேகைப் பூட்டில் விரலை வைத்தாள். கதவு திறக்கவில்லை.

ஒரே ஒரு பதில் போதும். அதுதான் மாடலின் விதி. ஒருவர் பேசினால் பிழைக்கலாம்.

வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்தாள்.

"அம்மாடா கண்ணு. ஏதாவது பேசு."

"அப்பா, யாரோ பேசாமலே இருக்காங்க."

தள்ளி நின்ற கணவனின் குரல். "ஸ்க்ரீன்ல பேர் வருதா?"

"வரல."

"வச்சிடு."

திரையில் புள்ளி இல்லை.

அவள் கைகள் தாமாக அசைந்தன. கண்ணாடியைக் கழற்றின. மேசையில் வைத்தன. பிறகு ஒரு நகத்தைக் கழற்றின. வலிக்கவில்லை. அடுத்த நகம். ஒரு விரல். வரிசையாக. சுத்தமாக.

நாற்காலிச் சக்கரங்கள் உருண்டன. எல்லோரும் அவள் மேசையைச் சுற்றி வந்து அமர்ந்தார்கள். கடைசியில் அவளைப் பார்த்தார்கள். கனிவாக.

செத்த செல்லை அக்கம்பக்கத்துச் செல்கள் தின்றுவிடும். அந்தக் கட்டத்தை அவள் மாடலில் எழுதவே இல்லை.

நெட்டையன் ஒரு நகத்தை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டான்.

"மேடம், நீங்களும் எடுத்துக்கங்க."